சோழவரம் ரேஸுக்கு ஐந்தாவது ஆள்

ஒரு கார். அதில் டிரைவரைத் தவிர நாலு பேருக்கு இடம். வாசலில் நிற்பது ஐந்து பேர். யார் இறங்க வேண்டும்?

மூன்றாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விருத்தாசலத்தில், எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இதற்கு விடை தேடியபோது எனக்கு வேர்த்து ஊற்றியது. மாசி மாதத்துக் காலைப் பனியில் வேர்த்து ஊற்றிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

ஏனென்றால் நாலு பேர் போகிற காருக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டது வேறு யாருமில்லை... அடியேன்தான்.

ஏன் கூப்பிட்டேன்? சொல்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, ஊரே சிரித்து முடித்துவிட்டது.

நான் பிழைப்பது பீங்கான் பட்டறையில் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சூளை சூப்பர்வைசர். ஊறுகாய் ஜாடி, பொம்மை, ப்யூஸ் கேரியர் என்று எது வந்தாலும் சுட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. சூளைக்குள் போகிறதெல்லாம் முழுசாக வெளியே வராது. ஐந்து வைத்தால் நாலு தேறும், ஒன்று விரிசல் விடும். அதனால் நாலு ஜாடி வேண்டுமென்றால் ஐந்து வைப்போம். எது விரிசல் விடும் என்று சந்தேகமோ, அதற்கு எதிரே சூளை நோட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்போம்.

இருபது வருஷமாக இதே வேலை. புத்தியும் அப்படியே சுட்டு இறுகிவிட்டது.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும் என்பது என் எட்டு வருஷத்து ஆசை. பேப்பரில் வரும் ரேஸ் கார் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாற்பத்தாறு வயதில். என் பையன்கூட இதைச் செய்வதில்லை. ஒவ்வொரு வருஷமும் ரேஸ் சமயத்தில் சூளை மக்கர் பண்ணும், இல்லாவிட்டால் எனக்குக் காய்ச்சல் வரும். இந்த வருஷம் போயே தீருவது என்று முடிவெடுத்து, ஒரு மாதம் முன்பே தங்கவேலுவின் அம்பாசிடரைப் பேசி வைத்தேன்.

பேசி வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தங்கவேலு நல்ல டிரைவர். ஆனால் இரக்க சுபாவம். கை காட்டுகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொள்வான். நல்லூர் கல்யாணத்துக்கு ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போய், பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தார். நாம் போவதோ மெட்ராஸைத் தாண்டி. வழியில் பட்டை உடைந்தால்?

அவனை நேராக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன்.

"நாலு பேருக்கு மேல ஒரு ஆள ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"எதுக்கு சார் கோயில் வரைக்கும்? சொன்னா கேட்டுக்க மாட்டனா?"

"நல்லூர் கல்யாணத்துக்கு முன்னாடியும் இதத்தான்யா சொன்ன."

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்தில் கொளஞ்சியப்பர் என்றால் விளையாட்டு இல்லை. திருட்டுப் போன மாட்டுக்கும், ஏமாற்றிய பங்காளிக்கும் அங்கேதான் சீட்டு எழுதிப் பிராது கட்டுவார்கள். அங்கே கொடுத்த வாக்கை மீறுகிறவன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. எனக்குத் திருப்தி. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். முட்டாள்.

அடுத்து ஆள் சேர்ப்பு. சூளைக் கணக்குப்படி நாலு சீட்டுக்கு ஐந்து பேர். என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் அமீர் பாய். கடைத்தெருவில் இரும்புக் கடை. அவர் தம்பி மெட்ராஸில் காலையிலேயே போய் ரேஸுக்கு டிக்கெட் எடுத்து இடம் பிடித்து வைப்பார். இரண்டாவது, ட்ராயிங் மாஸ்டர் தேவசகாயம். எங்கள் பட்டறைப் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவர். அவரிடம் பைனாகுலர் இருக்கிறது. மூன்றாவது, திட்டக்குடியிலிருக்கும் என் மச்சான் ராஜமாணிக்கம், என் மனைவியின் அண்ணன். சனிக்கிழமை ராத்திரி நாங்கள் தங்கப் போவது பெரம்பூரில் அவருடைய தங்கச்சி வீட்டில், அதாவது என் கொழுந்தியா வீட்டில். அவரை விட்டுவிட்டுப் போனால் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்.

நான் நாலாவது.

ஐந்தாவதாக, தேறாத உருப்படி ஒன்று வேண்டுமே? கட்டாயம் வராத ஆளாக இருந்தால் நல்லது. காபி குடித்துக்கொண்டே என் மனைவியைக் கேட்டேன். "சரோஜா, கார் ரேஸுக்கு நீயும் வர்றியா?"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்பாள் என்று டம்ளரைக் கீழே வைப்பதற்குள் லிஸ்டில் அவள் பெயருக்கு எதிரே பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டுவிட்டேன்.

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வரேன்" என்றாள்.

காபி மூக்கில் ஏறியது.

சரி, கவலை இல்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. யாராவது ஒருவர் விரிசல் விடாமலா போவார்கள்? மனிதர்கள் பீங்கானைவிடக் கெட்டியா என்ன?

ஒரு வாரம் பார்த்தேன். ஒருவரும் விடவில்லை. லேசாகத் தட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

"பாய், ரேஸ்ல சத்தம் பயங்கரமா இருக்குமாம். காது கிழிஞ்சிடும்னு சொல்றாங்க."

அமீர் பாய் ஆணி நிறுத்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா தகரம் வெட்டுற கடைல குந்தியிருக்கேன் சூப்பர்வைசரே. இனிமே கிழியறதுக்கு காதுல என்னா இருக்குது?"

மாஸ்டரிடம் போனேன். அவருக்கு ரத்தக் கொதிப்பு. "மாஸ்டர், வெறும் பொட்டல் காடு. உங்க உடம்புக்கு..."

"டாக்டர கேட்டுட்டேன் சார். வெளிக்காத்து நல்லதுன்னுட்டார். தொப்பி வாங்கிட்டேன்." தலையில் வைத்தும் காட்டினார்.

மச்சானுக்குத் திட்டக்குடிக்கு ஒரு கார்டு போட்டேன்: அறுப்பு நேரமாயிற்றே, சிரமப்பட வேண்டாம் என்று. மறுநாளே ஆளே வந்து நின்றார். "மாப்ள, எனக்காக நீங்க வருத்தப்படுறது மனசுக்கு ஒரு மாரியா இருந்துச்சு. அறுப்ப குத்தகைக்கு வுட்டுட்டேன். போவோம்."

கடைசியில் சரோஜாவிடமே. "வெயில் தாங்க முடியாதாம்..."

"நீங்க சூளகிட்ட நிக்கிறீங்க. நான் அடுப்புகிட்ட நிக்கிறேன். நம்மளுக்கு என்னாங்க வெயிலு?"

ஐந்து உருப்படி. ஐந்தும் கெட்டி. சூளையில் இப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாய்த்திருந்தால் எனக்கு ப்ரமோஷன் கொடுத்திருப்பார்கள்.

பதற்றத்தில் இருக்கிற மனிதன் என்ன செய்வான்? மூட்டை கட்டுவான். காதுக்குப் பஞ்சு, குடை, ஓமவாட்டர், நார்த்தங்காய், மோருக்கு ஒரு பீங்கான் ஜாடி, கயிறு, டார்ச் லைட். எல்லாவற்றையும் மரப்பெட்டியில் வைத்து, இடைவெளியில்லாமல் வைக்கோல் திணித்தேன். எங்களுக்குப் பெட்டி கட்டத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். ஓமவாட்டர் பாட்டிலைக் கல்கத்தாவுக்கே அனுப்பலாம், கீறல் விழாது.

ஆக, சனிக்கிழமை காலை. கார் வந்தது. பெட்டி டிக்கியில் ஏறியது. நான் லிஸ்டை எடுத்துப் பெயர் வாசித்தேன். ஐந்து பேரைக் கண்ணாலேயே எண்ணிய தங்கவேலு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

"சார், நாலு பேருதான்."

"தெரியும்யா. கொஞ்சம் நெருக்கி..."

"கொளஞ்சியப்பர் சத்தியம் சார். நீங்கதான கற்பூரம் ஏத்துனீங்க."

"அத நானே வாபஸ் வாங்கிக்கிறேன்யா."

"வாங்கிக்க நீங்க யாரு சார்? நான் சத்தியம் பண்ணது சாமிகிட்ட."

நியாயமான பேச்சு. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் பிராது கட்டுவது? சீட்டில் என் பெயரையே எழுதினால் சாமி சிரிக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்ற சரோஜா லிஸ்டை எட்டிப் பார்த்தாள். பட்டுப்புடவை. தலையில் பூ. கையில் சின்னப் பை.

"என் பேரு பக்கத்துல என்னாங்க இது?"

"அதுவா... ஜன்னல் சீட்டு. அடையாளத்துக்கு."

இருபது வருஷம் சூளைக்காரனோடு குடும்பம் நடத்துகிறவளிடம், பெருக்கல் குறிக்கு ஜன்னல் சீட்டு என்று சொன்ன என் துணிச்சலை நீங்கள் பாராட்ட வேண்டும். மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்தார். பாய்க்குத் திடீரென்று தொண்டை கரகரத்தது.

சரோஜா கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"கல்யாணம் ஆயி இருவது வருஷத்துல, எங்கயாச்சும் வர்றியான்னு நீங்களா கேட்டது இதான் மொத தடவ" என்றாள் மெதுவாக. "அதான் வரேன்னு சொன்னேன். நான் இருந்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க." பையை எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறினாள்.

எட்டு வருஷத்து ஆசை, கதவு திறந்து நிற்கிறது. நான் ஏறி உட்கார்ந்தால் போதும். பேசாமல் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மச்சான் நடுவராகிவிட்டார். "யாரு வேணும், யாரு வேணாம்னு பாப்பமே மாப்ள. பாய் இல்லன்னா டிக்கெட் இல்ல. மாஸ்டர் இல்லன்னா பைனாகுலர் இல்ல. என் தங்கச்சி வூட்டுல தங்குறம்னா நானும் சரோஜாவும் இருந்தாத்தான் நல்லா இருக்கும்..." என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவர், ஐந்தாவது விரலில் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு மாதமாகத் திட்டம் போட்டவன் நான். லிஸ்ட் எழுதியவன் நான். பெட்டி கட்டியவன் நான். அதனாலேயே, போகும்போது தேவைப்படாத ஒரே ஆளும் நான்.

சுட்ட பீங்கானை விரலால் தட்டினால் நல்லது 'டிங்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். என் மண்டையில் நானே ஒரு தட்டுத் தட்டினேன். எல்லோருக்கும் கேட்டது.

"சரோஜா, பைய எடுத்துக்கிட்டு வா. எனக்கு சூளையில வேல கெடக்குது."

"பொய் சொல்லாதீங்க. இன்னிக்கு லீவு போட்டுருக்கீங்க."

"ஜன்னல் சீட்டு" என்றேன்.

பையோடு வாசற்படி இறங்கினாள். பிறகு ஏறினாள். ஜன்னல் ஓரமாகத்தான்.

அந்த இரண்டு நாளைப் பற்றி என்ன எழுத? ரேஸுக்குப் போவதை ஒரு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்த மனிதன், ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு எப்படிப் போவான்? போனேன். "இன்னா சார், ரேஸு முடிஞ்சிடுச்சா?" என்றார்கள். பால்காரர் கேட்டார். பஸ் கண்டக்டர் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கேட்டார். மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, படங்கள் ஒட்டிய நோட்டைப் புரட்டினேன். ஒரு காரும் நகரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். நாலு பேரும் சுட்டெடுத்த மாதிரி சிவந்திருந்தார்கள். பட்டை உடையவில்லை. பாய்க்குக் காது நன்றாகவே கேட்டது. மாஸ்டர் பைனாகுலரை யாருக்கும் கொடுக்கவில்லையாம். வைக்கோலைக் கண்டு ஒரு மாடு என் பெட்டியை விடாமல் சுற்றிச் சுற்றி வந்ததில், வெளியே நின்ற கூட்டத்தில் பாதி ரேஸை விட்டுவிட்டு மாட்டைப் பார்த்ததாம்.

"எப்படி இருந்துச்சு?" என்று சரோஜாவைக் கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"கண்ண சிமிட்டக் கூடாதுங்க. சிமிட்டுனா வண்டி போயிடுது. மொதல்ல பயந்துட்டேன். அப்பறம் எழுந்திருச்சு நின்னுட்டேன்." சொல்லும்போதும் எழுந்து நின்றாள். வளைவில் கார் எப்படிச் சாய்ந்தது என்று கையால் காட்டினாள். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "கடைசியா ஒரு வண்டி வந்துச்சு பாருங்க. பொக வுட்டுக்கிட்டு, நின்னு நின்னு. மத்தவங்கல்லாம் முடிச்சுட்டு எறங்கிட்டாங்க. அது மட்டும் வுடல, வந்துக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ?"

"எனக்கு உங்க ஞாவகம் வந்துடுச்சு. கை தட்டுனேன்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாமா? இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

நேற்றுக் காலை, வீட்டுக்கு எடுத்து வந்திருந்த சூளை நோட்டைத் திறந்தால், கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து. அடுத்த வருஷம் சோழவரம். நாலு சீட், ஐந்து பேர். முதல் பெயர் சரோஜா. கடைசிப் பெயர் என்னுடையது, பக்கத்தில் அழகாக ஒரு பெருக்கல் குறி.

பென்சிலால்தான் போட்டிருக்கிறாள். பதினோரு மாதம் இருக்கிறது. இப்போதைக்கு முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருப்பது நான்.