சங்கிலிக்காகத் தொழுத இஸ்திகாரா

ஒரு கையெழுத்துக்காக மேலாளர் எனக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார். மறுத்தால் வேலை இல்லை. எழுபதுகளின் பிற்பகுதி, கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் நான் மேற்பார்வையாளர். பட்டம் பெற்று இரண்டாண்டு அலைந்த பிறகு கிடைத்த வேலை. பொன்னேரியில் வாடகை வீடு. மனைவி ஜுலைகாவுக்கு ஏழாம் மாதம்.

கிரேன் சங்கிலியை முழுப் பாரம் ஏற்றிச் சோதித்ததாக நான் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். சோதனை நடக்கவே இல்லை. உற்பத்தி நின்றுவிடும் என்று மேலாளர் அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். அந்தச் சங்கிலிக்குக் கீழேதான் தொழிலாளி முனுசாமியும் அவர் கூட்டாளிகளும் நாள் முழுவதும் வேலை செய்தார்கள்.

எனக்குத் துணிவு வரவில்லை. இஸ்திகாரா தொழுதேன். ஒரு காரியத்தில் இறங்குவதா விலகுவதா என்று தெரியாதபோது, இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, தொழுது, நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் அகற்று என்று இறைவனிடம் ஒப்படைக்கும் தொழுகை அது. பதில் கனவில் வரும் என்று எங்களில் பலரைப் போல நானும் நம்பினேன். பச்சை தெரிந்தால் சம்மதம். சிவப்பு தெரிந்தால் மறுப்பு. இரண்டு நாளும் எதுவும் தெரியவில்லை. கைவிடப்பட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம், கிடங்கின் பின்னால் மறுபடியும் தொழுது எழுந்தபோது முனுசாமி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார்.

"இன்னா சார், தொயுகையிலயும் ஓவர்டைமா? அப்டியே எங்களுக்கும் ரெண்டு வார்த்த சொல்லிவை. மேல சங்கிலி முனகிக்கினே கீது."

அன்று மாலை ஜுலைகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையை நிறுத்தினாள்.

"இன்னாங்க, பொய்ச்சாட்சி சொல்லட்டுமான்னு அல்லாஹ்கிட்டயே பர்மிஷன் கேட்டுக்கினு இருந்தீங்களா? வேணாம்னு அவன் எப்பவோ சொல்லிட்டான். இதுக்குக் கனவு வேற வரணுமா?"

"வேலை போயிடும், ஜுலைகா."

"போனா வேற தேடலாம். முனுசாமி போயிட்டா எங்க போய்த் தேடுவீங்க?"

வெட்கினேன். மார்க்கம் அனுமதித்த, ஆகுமான காரியங்களுக்கிடையே தேர்ந்தெடுக்கத்தான் இஸ்திகாரா. கடமைக்கும் பாவத்துக்கும் நடுவே தேர்வு என்பதே கிடையாது. கெடு முடிந்த மறுநாள், அதிகாலை பஜ்ருத் தொழுகையில் துணிவை மட்டும் கேட்டேன்.

ஒப்பமிட மாட்டேன் என்று மேலாளரிடம் சொன்னேன். "ரொம்ப நேர்மைக்காரரு. சரி, உன் கண்ணெதிர்லயே ஏத்திக் காட்டறேன். தாங்கிச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கினு கெளம்பு" என்றார். ஆட்கள் எல்லாரும் வெளியேறும் வரை பாரத்தை ஏற்ற நான் விடவில்லை.

கம்பிக்கட்டு ஆள் உயரம் எழும்பியது. சங்கிலி அறுந்தது. முனுசாமி வழக்கமாக நிற்கும் இடத்தில் தரை பிளந்து கிடந்தது. ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை. மேலாளர் புதுச் சங்கிலிக்கு ஆணை எழுதச் சொன்னார். என் வேலை போகவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் இறைவனுக்கே. தீமையை அகற்று என்று நான் கேட்டிருந்தேன், அவன் அகற்றினான். என் வேலை போயிருந்தாலும் இதை எழுதியிருப்பேன். அன்றிலிருந்து வீடு, பயணம், பிள்ளைகளின் திருமணம் என எதற்கும் இஸ்திகாரா தொழுகிறேன், கனவுக்குக் காத்திருப்பதில்லை. இன்று உங்களில் யாரேனும் இப்படியொரு தாளின் முன் பேனாவோடு அமர்ந்திருந்தால், இறைவன் முன்பே சொல்லிவிட்டதைச் செய்யுங்கள். விளைவை அவனிடம் விடுங்கள்.