முதல் பக்கத்தில் கொலைகாரன்

மற்ற புத்தகங்களை வாய் வலிக்கப் பேசிக் கொடுக்கலாம். மர்ம நாவலை மட்டும் வாயை மூடிக்கொண்டுதான் பரிந்துரைக்க வேண்டும். பள்ளிபாளையத்தில் ஒரு கிளை நூலகத்தில் இந்த வேலையைச் செய்கிறேன். புதுப் புத்தகக் கட்டு வந்ததும் மர்ம நாவல்களை நானே முதலில் படித்துவிடுவேன். படிக்காமல் பரிந்துரைத்தால் மாட்டிக்கொள்வோம், படித்துவிட்டுப் பரிந்துரைத்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். என்னைப் போல நூலக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்படுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

தூக்கம் கெடுக்காத கொலை

கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்து, புதுசாக, விறுவிறுப்பாக ஒன்று வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கொலைகாரன் கடைசியில் பிடிபடுவானா மாட்டானா என்று கேட்டார். "அதைச் சொல்லிட்டா அப்புறம் படிக்க என்ன சார் இருக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏனுங் மேடம், பண்ணை நெறையக் கோழிய வெச்சுக்கிட்டு, கரண்டு போயி ஃபேன் நின்னுருமோன்னு ஏற்கனவே முழிச்சுக் கெடக்கறேன். இதுல கொலகாரனும் வெளிய சுத்துனான்னா நான் எப்பத்தானுங்க தூங்கறது?"

சரசக்காவின் ஒரே விளையாட்டு

சரசக்கா தறிப்பட்டறையில் வேலை செய்கிறார். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சுகூடப் போகாமல் நேராக நூலகத்துக்கு வருவார். மர்ம நாவல் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பாதிப் புத்தகம் படித்ததும் என்னிடம் வந்து, "இன்னாருதானுங்களே?" என்று கேட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். அவர் ஊகம் சரியாக இருந்துவிட்டால் அடுத்த முறை அவர் நடையே வேறு மாதிரி இருக்கும். எனக்கும் அந்த நடையைப் பார்க்கப் பிடிக்கும்.

ஒரு நாள் நான் சிபாரிசு செய்த புது நாவலை மறுநாளே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முதல் பக்கத்தில், தலைப்புக்கு மேலேயே, யாரோ பென்சிலால் கொலைகாரனின் பெயரை எழுதியிருந்தார்கள். சரசக்கா சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நாளு பூரா தறிச் சத்தத்துல நிக்கறனுங்க. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் மொதப் பக்கத்துலயே முடிச்சு வெச்சுட்டாங்க. இனி நான் எதுக்குங் மேடம் வாரது?"

பூவுக்குப் பதில் பெயர்

புது மர்ம நாவல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெயர் எழுதியிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்தேன்.

துப்பறியும் சிரமத்தை எனக்கு வைக்காமல் ஆளே நேரில் வந்தார். பொன்னுசாமி அண்ணன், பல வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றிவிட்டு இப்போது வீட்டோடு இருப்பவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், அவ்வளவு மரியாதை. தான் போட்டுவைத்த அடையாளத்தை யாரோ அழித்துவிட்டதாக என்னிடமே புகார் சொன்னார். படித்த புத்தகத்தையே மறுபடி எடுக்காமல் இருக்க, எங்கள் வாசகர்கள் ஆளுக்கொரு குறி போட்டு வைப்பார்கள். ஒருவர் பூ, ஒருவர் புள்ளி. நாங்கள் எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நீங்களும் ஒரு பூ போட்டால் என்ன அண்ணா என்று கேட்டேன்.

"போட்டுப் பாத்தஞ்சாமி. பூவப் பாத்தாக் கதை ஞாவகம் வரமாட்டேங்குது. பேரப் பாத்தாத்தான், அட, இவனப் போன மாசமே புடிச்சாச்சேன்னு தெரியுது."

ஐந்து கொலைகாரர்கள்

கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னால், அலமாரியில் எடுத்ததும் தான் பார்ப்பது முதல் பக்கம்தான் என்கிறார். பெயரை அழித்தால் இவருக்குக் கதை போகிறது, விட்டுவைத்தால் சரசக்காவே போய்விடுகிறார். சரசக்கா வழக்கமாக வருகிற நேரத்தில் எல்லாம், அவர் வராத வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசே சரியில்லை.

கடைசியில் ஒரு வேலை செய்தேன். பொன்னுசாமி அண்ணன் படித்து முடித்த ஒரு புது நாவலை எடுத்து, அவர் எழுதிய பெயருக்கு மேலும் கீழுமாக, கதையில் வரும் வேறு நான்கு பேரின் பெயரை நானே பென்சிலால் எழுதினேன். பஸ் நிறுத்தத்தில் சரசக்காவைப் பிடித்துக் கையில் திணித்தேன். ஐந்து பெயரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் நூலகத்துக்கே வந்தார். நேராக என்னிடம் வராமல், 'அமைதி காக்கவும்' என்று நான் எழுதி ஒட்டியிருக்கும் சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேஜையருகே வந்து குனிந்து, நாலு பெயரும் அந்தச் சுவரில் எழுதிய கைதான், மிச்சமிருப்பவன்தான் கொலைகாரன், கதையைத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டேன் என்றார். போச்சு, இனி வரவே மாட்டார் என்று என் முகம் தொங்கிவிட்டது.

சரசக்கா புத்தகத்தை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "இத்தன கொலகாரனப் புடிச்சிருக்கறனுங்க, உங்களப் புடிச்ச சந்தோசம் எதுலயும் இல்லீங் மேடம். அடுத்தது குடுங்க. இந்தத் தடவ மட்டும் கைய மாத்தி எழுதுங்க."

கதையில் வருகிற கொலைகாரன் கடைசி அத்தியாயம் வரைக்கும் தப்பித்துவிடுகிறான். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கும் நூலகருக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.