பிரம்மதேசத்துப் பெண்ணைக் காணோம்

போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோயம்பேடு மார்க்கெட்டில் என் மகளைத் தொலைத்தேன். இருபது நிமிடம்தான். நாலு நாளாகியும், இதை டைப் செய்வதற்குள் மூன்று முறை எழுந்துபோய், அவள் ஹோம்வொர்க் செய்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பழம் வாங்கக் கிளம்பினோம். மரக்காணத்தில் கிடைக்காத பழமா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பழம் ஒரு சாக்கு. மகள் யாழினிக்கு அந்த மார்க்கெட்டைக் காட்ட வேண்டும் — அவ்வளவுதான்.

அப்பா எங்கள் சொந்த ஊரான பிரம்மதேசத்தில் தர்பூசணி போட்டவர். கோயம்பேட்டுக்கு லோடு ஏற்றும்போது லாரியில் டிரைவர் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துக்கொள்வார். மண்டியில் வைக்கோல் பரப்பி, காய்களைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குவார்கள். ஈர வைக்கோல், நசுங்கின தக்காளி, கொத்தமல்லி — எல்லாம் கலந்த அந்த வாசனைதான் எனக்கு இன்றும் லீவு நாளின் வாசனை.

அங்கே யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான். "ஏம்பா செஞ்சி, டீ சாப்ட்டியா?" "வந்தவாசி வந்துட்டான், நவுரு நவுரு!" அப்பாவும் அங்கே வெறும் பிரம்மதேசம்.

"இன்னா பிரம்மதேசம், காய்ங்கள பட்டினி போட்டியா? இம்மாத்தூண்டு இருக்குது!" என்று மண்டிக்காரர் சீண்டுவார்.

"உன் தொப்பை பக்கத்துல வச்சா எதுவும் சின்னதாத்தான் தெரியும்" என்பார் அப்பா.

வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர்! அங்கே மட்டும் அவருக்கு இன்னொரு குரல் இருந்தது.

சனிக்கிழமை அந்தப் பழைய மண்டியின் வாசலுக்கே யாழினியும் நானும் வந்துவிட்டோம். "வழி... வழி..." என்று மூட்டையோடு ஒருவர் ஓடி வந்தார். நான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். அவள் அந்தப் பக்கம். நடுவில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். கடைசி வண்டி போனதும் பார்க்கிறேன் — அவள் இல்லை.

என் போன்? வீடியோ எடுக்கிறேன் என்று அவள்தான் வைத்திருந்தாள். மண்டிக்குள் ஓடி, வேறு போனில் அடித்தால் ஸ்விட்ச்டு ஆஃப். சார்ஜ் போட்டேனா? போடவில்லை.

"பதினோரு வயசுங்க... யாழினின்னு பேரு..."

கல்லாவில் இருந்தவர் பழைய மண்டிக்காரரின் மகன். என்னை உற்றுப் பார்த்தார். "பேரெல்லாம் இங்க எடுபடாதுங்க. நீங்க பிரம்மதேசம்தானே? உங்கப்பா மூஞ்சி அப்படியே இருக்குது. பதறாதீங்க."

வெளியே வந்து கத்தினார்: "பிரம்மதேசம் பொண்ணைக் காணோம்பா!"

அடுத்த கடை வாங்கிக் கத்தியது. அதற்கடுத்த கடையும். அப்பாவின் பேர் மார்க்கெட் முழுக்க ஓடியது. வேறு சமயமாக இருந்தால் சிலிர்த்திருப்பேன்... அன்றைக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லையே!

திடீரென்று உறைத்தது. "எந்த ஊரும்மா?" என்று யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பிறந்ததும் படிப்பதும் மரக்காணம். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். அப்பா போனதும் நிலத்தை விற்றுவிட்டு, நான் பிரம்மதேசம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"மரக்காணம் லோடு எந்த மண்டியில எறங்குதுங்க?"

"கடைசி வரிசை, லெஃப்ட்ல..." அவர் முடிப்பதற்குள் ஓடினேன்.

பிளாஸ்டிக் கிரேட் மேல் உட்கார்ந்து தர்பூசணிக் கீற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணாங்க?" என்றார் அந்த மண்டிக்காரர். "மரக்காணம்னு சொல்லிச்சு, இட்டாந்து உக்கார வச்சேன். ஊர்க்காரங்க எப்படியும் இங்கதானே வரணும்!"

கட்டிப்பிடித்த பிடியில் அவளுக்கு மூச்சு முட்டியது.

"விடுங்கப்பா, டிரஸ் எல்லாம் ஜூஸு... அப்பா, பிரம்மதேசத்துப் பொண்ணு ஒண்ணு தொலைஞ்சிடுச்சாம். எல்லாரும் கத்திட்டே இருந்தாங்க. பாவம், அது கெடைச்சுதா?"

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மரக்காணத்திலிருந்து பிரம்மதேசம் டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். பதினோரு வருஷமாக நான் பிஸி!