எங்க போறியன்னு கேக்கக் கூடாது

மண்பாதையில் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப்போகிறவனுக்குக் கால் வலிக்கிறதுக்கு முன்னாடியே பயம் பிடித்துக்கொள்ளும். வல்லநாட்டு மலையடி, ஆதிச்சநல்லூர் மேடு, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு என்று சரளும் செம்மண்ணுமான பாதைகளைத் தேடிப்பிடித்து, சென்னை, மதுரைக்காரர்களைத் தூத்துக்குடியிலிருந்து அழைத்துப்போவது என் பிழைப்பு. அந்தச் சைக்கிளுக்கு கிராவல் பைக் என்று பெயர். கைப்பிடி ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் மட்டும் தடியாக இருக்கும். அதை ஓட்டுகிறவனுக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும்.

நாலு பேரைக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வேனில் கூட்டிப்போய்த் திரும்பினவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு தெரியும். டீக்கடையில் இறங்கினால் தலையை எண்ண வேண்டும், ஏறினால் எண்ண வேண்டும். என்றைக்காவது ஒருநாள் ஒரு ஆள் குறைவாகத் திரும்பி வருவேன் என்கிற பயம் எனக்குத் தூக்கத்திலும் உண்டு.

கிடை நாய்

வல்லநாட்டுப் பக்கம் ஒரு குவாரிப் பாதை. பாதையோரம் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடை நாய்கள் மூன்று, வாயைத் திறந்துகொண்டு வந்தன. நாய் வந்தால் இறங்கி நில்லுங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டாதீர்கள் என்று காலையில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான்தான். எல்லோரும் அப்படியே இறங்கி நின்றார்கள். நான் மட்டும் மிதித்தேன். என் வாழ்க்கையில் அப்படி மிதித்ததில்லை. மூன்று நாயும் நின்றவர்களை விட்டுவிட்டு என் பின்னால்தான் வந்தன.

ஒரு வேலிக்கருவைக்குள் போய்த்தான் நின்றேன். கிடைக்காரர் சாவகாசமாக நடந்து வந்து நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டார். இதை அவிழ்த்து விடலாமா, கட்டிப்போட வேண்டாமா என்று கையில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சத்தம் போட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

“நீரு ஓடுனா அது என்னய்யா செய்யும், அதுவும் வேலை பாக்கணும்லா.”

இறக்கம்

ஏற்றத்தில் மூச்சு போகும். இறக்கத்தில் உயிரே போகும். கல் பெயர்ந்த சரிவில் முன் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தலைகுப்புறத்தான். நான் இரண்டு பிரேக்கையும் தடவிக்கொடுத்து, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்குவேன். மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெதுவா, மெதுவா என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே என்னைத் தாண்டி, கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி சட்டை படபடக்கப் போய்விட்டார்கள்.

நான் ஒருவழியாகக் கீழே போய்ச் சேர்ந்தேன். அவர்கள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். உங்களுக்குப் பயமே இல்லையா அம்மா என்று கேட்டேன்.

“நான் எலும்பு டாக்டர் தம்பி, எது உடைஞ்சா எப்படி ஒட்டணும்னு தெரியும். தெரியாத நீங்கதான் பயப்படணும்.”

மேடு

ஆதிச்சநல்லூரில் வேலி போட்ட இடத்துக்கு வெளியே ஒரு பாதை போகிறது. பட்டப்பகல்தான். இருந்தாலும் டயருக்கு அடியில் ஓடோ கல்லோ நொறுங்கினால் எனக்குக் கூசும். எத்தனை காலத்துக்கு முந்தின மனுஷர்களோ, மண்ணுக்கடியில் புதைத்த தாழிக்குள் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் மணி அடித்துக்கொண்டு போவது சரியா என்று ஒரு பயம். அந்த இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.

பின்னால் வேனில் தண்ணீரும் டியூபும் ஏற்றிக்கொண்டு வருகிறவன் முருகேசன். சாயர்புரத்துக்காரன். எதற்கும் அசராதவன். நான் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினான்.

“செத்தவுக யாரும் நம்ம டயரைப் பஞ்சர் ஆக்குனதில்ல அண்ணாச்சி. உசுரோட இருக்க உடைமரத்து முள்ளுதான் ஆக்குது.”

வாசல்

என் மனைவி ஜெசிந்தா ஆலந்தலைக்காரி. கடலுக்குப் போகிற குடும்பம். கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது ஊரெல்லாம் உள்ள பேச்சு. நமக்கு அது பேச்சு, அவளுக்கு அப்படியில்லை. பாவாடை கட்டின வயதில் ஒரு விடியற்காலை, வலையைத் தூக்கிக்கொண்டு போன அண்ணனிடம் எங்க போற என்று கேட்டாளாம். அன்றைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் அந்தக் கேள்வி கேட்டதே கிடையாது. நான் தனியாகப் பாதை பார்க்கக் கிளம்பினாலும், “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல்வாள். நான் எந்தக் காட்டில் விழுந்து கிடந்தாலும் அவளுக்குத் தெரியாது. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன ஆடியில் ஐந்து பேர் வந்தார்கள். அதில் ரவி சார் என்று சென்னைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல தமாஷான மனுஷர். ஜெசிந்தா கொடுத்த கருப்பட்டிக் காப்பியை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். சர்க்கரை வியாதி, காலையில்தான் இன்சுலின் ஊசி போட்டேன் என்றார். எல்லோரும் வாசலில் சைக்கிளை எடுத்தோம். ரவி சார் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டே, “சரி, இன்னைக்கு எங்கே போறோம்?” என்று சத்தமாகக் கேட்டார். ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. யாரையும் நகரவிடவில்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

“கேட்டது கேட்டாச்சு. இருந்து தண்ணி குடிச்சிட்டு, புதுசா கெளம்புங்க.”

தேரி

தேரி என்பது செக்கச்செவேலென்ற மணல் மேடு. ஏறினால் அடுத்த மேடு, அதை ஏறினால் இன்னொன்று. ஓரத்தில் மாட்டுவண்டித் தடம் ஒன்று இறுகிப்போய் இருக்கும், அதில்தான் சைக்கிள் ஓடும். ஆடிக்காற்றில் கண்ணைத் திறக்க முடியாது. டயர் பதிந்த தடம் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் அழிந்துபோகும். நான் முன்னால், ரவி சார் கடைசி. பாரமாக இருக்கிறது என்று பிஸ்கட்டும் குளுக்கோஸும் வைத்திருந்த பையை முருகேசனின் வேனில் போட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

தார்ரோட்டில் ஏறித் தலையை எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான். படம் எடுக்க நின்றார் என்றார் ஒருவர். போனைப் போட்டால் போகவில்லை. அப்போதுதான் முருகேசன் வேனுக்குள்ளிருந்து அந்தப் பையை எடுத்துக் காட்டினான். ஊசி போட்ட மனுஷர், சாப்பாடு வேனில், ஆள் மணலில். சாப்பிடாமல் சர்க்கரை இறங்கினால் ஆள் மயங்கிவிடும். மற்றவர்களை அவனிடம் விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஓர் அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் ஒருத்தர் வந்தாரா என்று கேட்டேன். “வந்தாவ. இங்கனக்குள்ள கொஞ்சம் நின்னாவ. பொறவு அந்தா அங்கன போனாவ” என்று தெற்கே கையை நீட்டினாள். அந்தப் பக்கம் பாதையே கிடையாது, மேடும் பனையும்தான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துமா சும்மா இருந்தீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“போற ஆளைப் பாத்து எங்க போறியன்னு கேக்கலாமா தம்பி? வெளங்குமா?”

பனைமூடு

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மணல் காலை வாங்குகிறது. சார், சார் என்று கத்தினால் காற்று அதைத் திருப்பி என் வாய்க்குள்ளேயே போடுகிறது. அவருடைய வீட்டாருக்கு என்ன பதில் சொல்வேன், ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் மனசு ஓடியது. அவள் கொடுத்த தண்ணீருக்கும் பலன் இல்லை என்று ஆகிவிடுமே. இரண்டாவது மேட்டுக்கு அப்பால் ஒரு பனைமூட்டில், அடிமரத்தோடு சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் குழறியது.

பையின் ஜிப் மணல் ஏறித் திறக்க மாட்டேன் என்கிறது. அதற்குள் பின்னாலேயே ஓடிவந்த அந்த அக்கா, மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்துத் தூளாக நொறுக்கி அவர் வாயில் வைத்துவிட்டாள். சப்பினார். அவள் கொண்டுவந்த தண்ணீரில் நான் குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் முகமாக ஆனது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெள்ள எழுந்து, பனையைப் பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தையாக, “இப்ப எங்கே போறோம்?” என்றார்.

அந்த அக்கா அவர் தோளைப் பிடித்து அமுக்கி மறுபடி உட்காரவைத்தாள்.

“இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

மறுநாள்

அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, ரவி சாரை ரயிலேற்றி விட்டேன். வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டதால்தான் இப்படி ஆனது என்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஆடு மேய்க்கிற அக்கா ‘எங்க போறியன்னு கேக்கலாமா’ என்று சொன்னதை மட்டும் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் தனியாகப் பாதை பார்க்கக் கிளம்பினேன். ஜெசிந்தா வாசலுக்கு வந்து சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல், கழுத்தில் கிடந்த சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எங்க போறிய?”

கேட்காவிட்டாலும் பயம், கேட்டாலும் பயம் என்றாகிவிட்ட இந்தத் தொழிலில், அவள் தினமும் கேட்கிறாள், நான் ஊர்ப்பேரோடு சொல்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருக்கிறோம்.