மாப்பிள்ளைக்கும் ஒரு ஊசி

போன வாரம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி விழா. சிறப்பு விருந்தினர் நான். சிரிக்காதீர்கள்... அவர்கள் முதலில் கூப்பிட்டவருக்கு உடம்பு சரியில்லையாம்.

என்னை அறிமுகம் செய்த பேராசிரியை மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகிவிட்டார். ‘‘மாணவியாக இருந்தபோதே இருண்ட கண்டத்துக்குப் போய் ஒளியேற்றிவிட்டு வந்தவர்...’’

எனக்குப் பொறுக்கவில்லை. மைக் கைக்கு வந்ததும் முதல் வேலையாக, ‘‘மன்னிக்கணும் மேடம். அங்கே நல்ல வெயில். வெளிச்சத்தை யாரும் இங்கேயிருந்து பார்சல் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை’’ என்றேன்.

மாணவிகள் கைதட்டினார்கள். பேராசிரியை தட்டவில்லை. அப்புறம் பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை... எனக்கு மிஞ்சிய நேரத்தில் தும்மக்கூட முடியாது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொன்னாடை போட மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

அப்போது நான் நர்சிங் கடைசி வருஷம். எங்கள் மிஷன் கல்லூரியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு செமஸ்டர் முழுக்க வெளியூர் போய் ஊழியமும் சேவையும் செய்யலாம். வழக்கமாக ஒரிசா, பீகார் என்று அனுப்புவார்கள். அந்த வருஷம் ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம், மலாவி என்ற சின்ன நாட்டிலிருந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரி ஆள் கேட்டது. யார் போகிறீர்கள் என்றார்கள். வகுப்பில் கை தூக்கியது நான் மட்டும்தான்.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். காஞ்சிபுரம் – ஸ்ரீபெரும்புதூர் ரூட். அம்மா பால்வாடி டீச்சர். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஊர் ஓரத்துக் காலனியில் வீடு. அம்மா அழுதாள். அப்பா, ‘‘நான் இந்த ஒரே ரோட்டுல போய்க்கினும் வந்துக்கினும் இருக்கேன். நீயாவது வேற ரூட்டு பாரு ஸ்டெல்லா’’ என்றார். அதோடு முடிந்தது வாக்குவாதம்.

எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணன் காதில் மலாவி என்பது மலேசியா என்று விழுந்தது. ‘‘என் மச்சான் அங்கதான் ஓட்டல்ல இருக்கறான்மா. பாத்தா கேட்டதா சொல்லு’’ என்றார். சரிண்ணா என்று சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட், விசா என்று அலைந்துகொண்டிருந்தபோது பூகோள வகுப்பு எடுக்க எனக்குத் தெம்பில்லை.

ஏரிக்கரை ஓரம் செங்கல் கட்டடம், தகரக் கூரை... அதுதான் ஆஸ்பத்திரி. நோயாளிகளோடு வந்தவர்கள் பின்கட்டில் அடுப்பு மூட்டி ன்சீமா கிண்டுவார்கள். மக்காச்சோள மாவில் செய்வது. நம்ம ஊர்க் களி மாதிரியேதான், நிறம் மட்டும் வெள்ளை. கையால் பிட்டு உருட்டி நான் விழுங்கிய அழகைப் பார்த்து, ‘‘உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?’’ என்று கேட்டார்கள். எங்கள் காலனி என்றேன்.

அந்த வருஷங்களில் எச்.ஐ.வி. அந்த ஊரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் இருவர், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து ஒருவர். மருந்து அப்போதுதான் சொட்டுச் சொட்டாக வர ஆரம்பித்திருந்தது. காயம் கட்டினேன். துணி மாற்றினேன். பலரை வழியனுப்பினேன்... எங்கே என்று கேட்காதீர்கள்.

ஒளியேற்றப் போனவளுக்கு முதல் மாதம் முழுக்கக் குளியலறையில் அழுகை. அதுதான் நிஜம்.

ஆஸ்பத்திரி வாசலில் போண்டா மாதிரி ஒரு இனிப்புப் பலகாரம் பொரித்து விற்பாள் தமாந்தானி. கிட்டத்தட்ட என் வயசு. ஜோகன்னஸ்பர்க்கில் சுரங்க வேலைக்குப் போன புருஷன் நோயோடு திரும்பி வந்து செத்துப்போனான். காரியம் முடிந்த கையோடு அவன் வீட்டார் வந்து பானை, கம்பளி, கடைசியில் வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் நோய் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவளிடம் யாரும் வாங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் இடத்தை மாற்றவில்லை. அதே வாசலில், அதே சட்டியை வைத்து, பொரித்ததைத் தானே ஒன்று எடுத்துத் தின்றபடி, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் வாங்கினேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை, எனக்குப் பசி. மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள்.

செமஸ்டரின் கடைசி வாரம் வந்தது. அங்கே ஒரு பழக்கம்... வேலை முடித்துக் கிளம்பும் ஆட்கள் எல்லாரும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். தலைமை நர்ஸ் சிஸ்டர் ஃபிரி என்னையும் உட்கார வைத்தார். ஒரு பிரசவத்தின்போது என் கையுறை கிழிந்திருந்தது. அன்றிலிருந்தே நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். முடிவு வரும்வரை தமாந்தானி என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கடையை அப்படியே போட்டுவிட்டு. எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைவிட அவள்தான் அதிகம் ஆடினாள்.

கடைசி நாள், வார்டுப் பெண்கள் எனக்கு அந்த ஊர்ப் பூப்போட்ட துணியை இடுப்பில் கட்டிவிட்டுப் பாட்டுப் பாடினார்கள். அவர்களுக்குச் சமமாக ஆடத் தெரியாமல் நான் கும்மி தட்டினேன். அது அங்கே ஹிட்!

‘‘ஊருக்குப் போய் என்ன செய்வாய்?’’ என்றாள் தமாந்தானி.

‘‘கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.’’

‘‘மாப்பிள்ளை டெஸ்ட் எடுத்துவிட்டானா?’’

நம் ஊரில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள் இல்லையா... அதே சாதாரணக் குரல். நான் சிரித்துவிட்டேன். ‘‘எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் உதைப்பார்கள்!’’

அவள் சிரிக்கவில்லை. ‘‘என் கல்யாணத்தில் நான் கேட்கவில்லை’’ என்றாள். அவ்வளவுதான். என் கையில் ஒரு பொட்டலம் பலகாரத்தைத் திணித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். பேசி வைத்திருந்த வரன் அடுத்த வாரமே வந்தது. பையன் பெயர் டேவிட். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். டேவிட்டும் அவன் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன்.

டேவிட் எடுத்துக் குடித்தான். அவன் அம்மா டம்ளரைத் தொடவில்லை.

அப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசில், ஊருக்குள் இருந்த டீக்கடையில் தனி டம்ளரில் குடித்து, தானே கழுவி வைத்தவர் அவர். டம்ளர் விஷயம் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால்... டேவிட் வீடும் எங்களுடையதைப் போன்ற ஒரு காலனியில்தான்.

‘‘தப்பா எடுத்துக்காதீங்கம்மா’’ என்று என் அம்மாவிடம் ஆரம்பித்தார் டேவிட்டின் அம்மா. ‘‘பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா ஆப்பிரிக்காவுல அந்த நோய்க்காரங்க கூடவே இருந்துக்கினு வந்திருக்குது. நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக் காட்டிட்டா எங்களுக்கும் நிம்மதி.’’

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஆன்ட்டி, அங்கேயே எடுத்தாச்சு, எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். பிரச்னை முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

‘‘தாராளமா எடுக்கலாம் ஆன்ட்டி. உங்க பையனும் வரட்டும். ரெண்டு பேரும் ஒண்ணாவே எடுத்துடலாம்.’’

‘‘அவன் எதுக்கு?’’

‘‘நான் எதுக்கோ, அதுக்குத்தான்.’’

‘‘என்னாம்மா பேசற? அவன் ஆம்பளப் புள்ள!’’

‘‘அது அந்தக் கிருமிக்குத் தெரியாதே ஆன்ட்டி...’’

எழுந்து போய்விட்டார்கள். அன்று முழுக்க அம்மா புலம்பினாள். ‘‘உனக்குப் பின்னாடி ரெண்டு பேரு இருக்குதுங்கடி. எதிர்த்துப் பேசற வீடுன்னு பேராயிட்டா இதுங்கள எவன் வந்து கேப்பான்?’’ நியாயமான பயம்தான். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, இரண்டு பேரும் டெஸ்ட் எடுக்கலாம் என்று அவர்களே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். மனசு மாறியதா? நர்ஸ் மருமகள் என்றால் நாளைக்குத் துபாய், குவைத் என்று போகலாம்... அது மனசை மாற்றியதா? எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் டேவிட்டும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. ‘‘எனக்கு ஊசின்னா கொஞ்சம் பயம்ங்க’’ என்றான். எனக்கு அவனைப் பிடித்தேவிட்டது. அந்த ஆசையில்தான் கேட்டேன்.

‘‘அன்னிக்கு உங்கம்மா என்னை டெஸ்ட் எடுக்கச் சொன்னப்போ நீங்க என்ன நெனச்சீங்க?’’

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். ‘‘ஒண்ணும் நெனைக்கலீங்க’’ என்றான்.

முடிவு வந்தது. எனக்கு நெகட்டிவ். அவனுக்கும் நெகட்டிவ். மறுபடி வீட்டுக்கு வந்தார்கள், பூ பழத்தோடு. இந்த முறை அவன் அம்மா காபியை வாங்கி நிம்மதியாகக் குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார்:

‘‘கர்த்தர் காப்பாத்தினாரு. இனிமே அந்த ஆப்பிரிக்கா பேச்சே வேணாம்மா. அந்த நோய்க்காரங்க போட்டோ, அவங்க குடுத்த துணி எதுவும் எங்க வீட்டுக்கு வரக்கூடாது. யாராவது கேட்டா மலேசியாவுல டிரெய்னிங் போயிருந்ததுன்னு சொல்லிக்கலாம்.’’

கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தவர்கள், கும்மிக்குக் கைதட்டிய பெண்கள், கடையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தவள்... அத்தனை பேரையும் ஒரே வாயில் மலேசியா ஆக்கிவிட்டார்! நான் டேவிட்டைப் பார்த்தேன்.

‘‘நீங்க என்ன சொல்றீங்க?’’

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

இரண்டு நெகட்டிவ் ஏற்கெனவே வந்தாயிற்று. மூன்றாவதை நான் சொன்னேன்.

‘‘எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் ஆன்ட்டி.’’

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். டேவிட்டின் அம்மா என் அப்பாவின் பக்கம் திரும்பினார். ‘‘என்னாங்க, பெரியவரு நீங்க பேசாம இருக்கறீங்க? பொண்ணு இப்டி பேசுது!’’

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ‘‘காபி குடிச்சிட்டீங்க இல்ல? இப்ப கிளம்புனா ஸ்ரீபெரும்புதூர் வண்டிய புடிச்சிடலாம். அதவுட்டா அப்பறம் கூட்டமா இருக்கும்’’ என்றார்.

முழுக்க முழுக்க மரியாதையான குரல். டிக்கெட் கிழிப்பதுபோல.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. சர்ச்சில் சில பெண்கள் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். நான் வரிசையை மாற்றவில்லை. பெரிய தங்கைக்கு வந்த ஒரு வரன் நின்றது. ‘‘போனா போறான் விடுக்கா’’ என்றாள் அவள், ஆனால் அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேச ரொம்ப நாளாயிற்று.

பிறகு தங்கைக்கும் கல்யாணம் நடந்தது, எனக்கும் நடந்தது. என்னைக் கட்டிக்கொண்டவர் முழுக் கதையையும் கேள்விப்பட்டுத்தான் பெண் பார்க்க வந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, ‘‘நான் டெஸ்ட் எடுத்துட்டேங்க’’ என்றார். கொஞ்சம் பயந்திருப்பார் போல...

தமாந்தானிக்கு மாத்திரை கிடைக்க ஆரம்பித்தது. அதே வாசலில்தான் இருக்கிறாள் என்று போனில் சொன்னார் சிஸ்டர் ஃபிரி. இப்போது இரண்டு சட்டி வைத்திருக்கிறாளாம்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கும் அம்மாக்கள் வருகிறார்கள். ரகசியமாக என் காதுக்குள் குனிந்து, ‘‘சிஸ்டர், கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்கு மட்டும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?’’ என்கிறார்கள். அந்த ‘மட்டும்’ இருக்கிறதே... அதற்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

எடுக்கலாம் தாயே. வரும்போது மாப்பிள்ளையை மட்டும் அரைக்கைச் சட்டையில் கூட்டி வாருங்கள், ஊசி போட வசதி.