வட நுனியில் ஒரு பென்சில் பெயர்

இழுத்தால் முழங்கால்வரை இறங்கி, விட்டால் "சடார்" என்று மேலே சுருண்டுபோய்ச் சுண்ணக்கட்டித் தூளை முகத்தில் அடிக்கும் அந்தச் சுவர்ப்படத்தை, அப்பா தான் துப்புரவு வேலை செய்த பள்ளிக்கூடத்துக் குப்பையிலிருந்து தூக்கிவந்து, கனடாவின் ஸ்காபுறோவில் எங்கள் பத்தாம் மாடி வீட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டினார். சாமிப்படத்தைவிடப் பெரிதாக இருந்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம். எங்களுக்கு அது "பனிப்படம்".

கனடாவின் வட நுனியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவின் வரைபடம் அது. அங்கே மலைகளைப் பனிக்கட்டி கழுத்துவரை மூடியிருக்க, உச்சிகள் மட்டும் வெளியே தெரியும். ஒரு மலைத்தொடருக்குப் பிரித்தானியப் பேரரசு என்று பெயர். பக்கத்துத் தொடருக்கு ஐக்கிய அமெரிக்கா. ஆளில்லாத பனியிலும் வல்லரசுகள் எல்லை போட்டிருப்பதைப் பார்த்து, வேலிச் சண்டையிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்து மனிதரான அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தப் பக்கம் வேட்டையாடித் திரிந்த இனுவிட் மக்கள் வைத்த பெயர் ஒன்றுகூட எங்கள் படத்தில் இல்லை. ஏராளமான உச்சிகளுக்கு உயரத்தைக் காட்டும் இலக்கம் மட்டுமே இருந்தது.

அப்படி ஓர் உச்சியின் பக்கத்தில் அப்பா ஒருநாள் பென்சிலால் "ரமணன்" என்று எழுதினார். ரமணன் என் அண்ணா. ஊரில், யுத்த காலத்தில், எனக்கு நாலு வயதாக இருந்தபோது, சைக்கிளில் ரியூசனுக்குப் போனவனை வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவன் வரவேயில்லை. மேடுகூட இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு மலை எதற்கு என்று அம்மா கேட்டார்.

"அங்க வைச்சா ஒருத்தரும் வந்து பிடிச்சுக்கொண்டு போகேலாது" என்றார் அப்பா.

மலைகளுக்குப் பெயர் வைக்க ஓர் அரசாங்கக் கந்தோர் இருப்பதாகப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைதான் எங்கள் வீடுகளில் குமாஸ்தா. "பிள்ளை நல்லாப் போம் நிரப்பும்" என்று பக்கத்து வீட்டாரும் என்னைத் தேடி வருவார்கள். அந்த உச்சிக்கு அண்ணாவின் பெயரை வைக்கக் கேட்கும் விண்ணப்பத்தையும், பதினொரு வயதில், நானே எழுதினேன். எந்தப் போமிலும் அண்ணாவை உயிரோடிருப்பவனாகவே நிரப்ப வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே, உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விக்கு நேரே "ஆம்" என்று புள்ளடி போட்டேன்.

பதில் வந்தது. உயிரோடிருப்பவர்களின் பெயரை மலைக்கு வைப்பதில்லை, இறந்தவரென்றால் அத்தாட்சியை அனுப்புங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது பாதியை நான் விழுங்கியிருக்கலாமே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. குமாஸ்தாப் பெருமையில் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

"அப்ப, திருத்தி அனுப்புவம்" என்றார் அப்பா, மெல்ல.

"என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்! உங்கட மலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்!" என்று கத்திய அம்மா, என் அழிறப்பரைப் பறித்து, படத்துத் தாள் பொருமும்வரை அந்தப் பெயரைத் தேய்த்தார். அதன்பிறகு அப்பா அந்தப் படத்தை இழுக்கவில்லை. அண்ணாவைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவுமில்லை.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. படத்தில் வெள்ளையாக இருக்கும் பனியும் கரைந்துகொண்டு வருகிறதாம். போன மாதம் ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டு பேஸ்மென்டைத் துப்புரவாக்கும்போது படத்தைத் தரையில் விரித்தேன். சுருள்வில் உடைந்துவிட்டதால் விரித்தபடியே கிடந்தது. எண்பதைத் தொடும் அம்மா கதிரையிலிருந்து குனிந்து, பொருமிய இடத்தை விரலால் தேடிப்பிடித்துத் தடவினார்.

"பிள்ளை, அந்தக் கந்தோருக்கு இப்ப எழுதலாமோ?"

"என்னெண்டு எழுத, அம்மா?"

"கொப்பர் சொன்ன மாதிரி, திருத்தி."

முப்பது வருடத்துக்கு மேலாகப் போமில் உயிரோடு வைத்திருந்த பிள்ளையை அம்மா அன்றைக்குத்தான் சாகவிட்டார். புள்ளடியை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் அத்தாட்சி? ஊரிலிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு தாளில் அண்ணா "காணாமற்போனவர்". அந்தத் தாளுக்கு அந்தக் கந்தோரில் மலை கிடைக்காது.

"ஓம் அம்மா, எழுதுறன்" என்றேன்.