தவம் அன்ரியின் மரச் சோங்கு

அன்று காலை கிடங்குக்குள் நுழைந்ததும் நான் முதலில் கவனித்தது அந்தச் சிவப்பு மெத்தையைத்தான். தவம் அன்ரி உயரம் குறைந்தவர். ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் சரியாகத் தெரியவேண்டும் என்று அந்த மெத்தையை இருக்கையில் போட்டு வைத்திருப்பார். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அன்று அது ஓர் ஓரத்தில், அடுக்கிவைத்த பெட்டிகளின் மேல் கிடந்தது. இருக்கை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. உயரமான ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து மேற்பார்வையாளர் எங்களை ஓரிடத்துக்கு அழைத்து, முதல் நாள் மாலை அன்ரி வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று சொன்னார். பெட்டிகள் வரும் பட்டியை இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தார்கள். பிறகு அது ஓடத் தொடங்கியது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைக் கோயில் மடப்பள்ளியில் தெரிந்திருக்கும். சிலருக்குத் 'துவக்குச் சுடுற அன்ரி' என்றால்தான் தெரியும். எங்கள் புறநகரான ட்ருகனினாவில் உள்ள அந்தக் கிடங்கில் அவர் பதினொரு வருடம் வேலை செய்தார். நான் பதினோராம் வகுப்பை இடையில் விட்டுவிட்டு அங்கே பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு என்பதால் வேலை முடிந்ததும் அன்ரி என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார். சனிக்கிழமைகளில் வேலை மதியத்தோடு முடியும். அன்று அவர் வீட்டுக்குப் போகும் வழியில் ரைபிள் கழகத்துக்குப் போவார், நானும் போவேன். அவர் எனக்குச் சுடச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் ஒரு கதிரையில் இருந்து, அவர் சுட்ட அட்டைகளில் புள்ளிகளை எண்ணி எழுதுவேன். அங்கே எல்லோரும் காதை மூடிக்கொண்டு இருப்பார்கள். யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மா ஒருமுறை எங்கள் வாசலில் வைத்து அவரைக் கேட்டார். "ஊரிலை வெடிச் சத்தம் கேட்டா ஓடி ஒளிச்சனாங்கள். இஞ்ச வந்து வேணுமெண்டு வெடி வைக்கிறியளே அக்கா?"

"அங்கை எப்ப வெடிக்கும் எண்டு தெரியாது," என்றார் அன்ரி. "இஞ்ச நான் விரலை அசைச்சாத்தான் வெடிக்கும்."

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் என்னைக் கழகத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் மாநில அணிக்கான தெரிவுப் போட்டி ஒன்று வந்தது. அன்ரி நான்கு வருடமாக அதற்குக் காத்திருந்தார். அவருடைய ரைபிள் பழையது. தோளில் முட்டுக்கொடுக்கும் பின்பகுதியை நாங்கள் சோங்கு என்போம். அவருடையது வால்நட் மரச் சோங்கு, முன்பக்கம் வரை ஒரே கட்டையாக நீண்டிருக்கும், நல்ல பாரம். அன்ரியின் இடது தோள் பழுதானது. இளம் வயதில் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில், துப்பாக்கிச் சோங்கால் அடிவாங்கிய தோள் அது. படுத்தபடி சுடும்போது பாரம் முழுவதையும் அந்தக் கைதான் தாங்கவேண்டும். கழகத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ரொஸ் என்ற முதியவர், மரத்தைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் சோங்கு போடும்படி சொன்னார். ஒரு கிலோ குறையும், மழையிலும் வெயிலிலும் ஊதவோ சுருங்கவோ செய்யாது என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சோடு முடிவெடுத்திருப்பார்கள். அன்ரி ரொஸிடம் ஒரு பிளாஸ்டிக் சோங்கை இரவல் வாங்கினார். நான்கு சனிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் மரத்தில் இருபது, பிளாஸ்டிக்கில் இருபது என்று சுட்டார். அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் 'ம' அல்லது 'பி' என்று எழுதி என்னிடம் தருவார். நான்கு வாரமும் முடியும்வரை புள்ளிகளைத் தனக்குச் சொல்லக்கூடாது என்றார். தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். நான்காவது சனி நான் கூட்டிப் பார்த்துத் தாளை நீட்டினேன். மரம் ஒன்பது புள்ளி முன்னால் நின்றது.

"பாரம் எண்டாப் பாரம்தான்," என்றார். "ஆனா ஆடாமல் கிடக்குது. பிளாஸ்டிக் லேசு. நான் மூச்சு விட்டா அதுகும் தலையாட்டுது, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி."

காரில் வரும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும். "மரத்தைத் தோளிலை வைக்கேக்குள்ளை பழசு ஒண்டும் ஞாபகம் வராதோ அன்ரி?"

சிக்னல் மாற, அவர் காரை எடுத்தார். பிறகு, "அடிச்சது மரமில்லைப் பிள்ளை, ஆள்," என்றார்.

மரம் என்று முடிவானதும், கன்னம் படும் இடத்தில் பூச்சு உரிந்து மரம் காய்ந்திருப்பதை ரொஸ் காட்டினார். தெரிவுக்கு முன் எண்ணெய் பூசவேண்டும் என்றார். சோங்கை மட்டும் கழற்றிக் கொடுத்தார். சுடும் பகுதி அன்ரி வீட்டு இரும்புப் பெட்டகத்துக்குள் போனது. சோங்கு தனியாக இருந்தால் அது வெறும் கட்டை. அது காரின் பின் இருக்கையில் நாலைந்து நாள் கிடந்தது. அன்ரிக்கு அந்த வாரம் கூடுதல் வேலை.

"நான் பூசித் தாறன்," என்றேன்.

"ஓம், கொண்டு போ," என்றார். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் மரச் சாமான் காய்ந்தால் நல்லெண்ணெய் தடவுவோம். அம்மா இடியப்பம் பிழியும் மர உரல் கலியாணச் சீதனமாக வந்தது, இன்றுவரை வெடிக்காமல் இருப்பது நல்லெண்ணெயால்தான் என்று அம்மா சொல்வார். நான் நான்கு நாள், வேலையால் வந்ததும் ஹீட்டருக்கு முன்னால் இருந்து தடவினேன். வெளிப்பக்கம் மட்டுமல்ல, இரும்பு வந்து உட்காரும் பள்ளத்திலும் திருகாணி ஓட்டைகளிலும் விட்டேன். உள்ளே ஊறவேண்டும் என்று நினைத்தேன். மரம் கறுத்து மினுங்கியது. "வடிவா வந்திருக்கு," என்றார் அம்மா. பச்சைத் துவாயில் சுற்றி வெள்ளிக்கிழமை கொடுத்தேன். அன்ரி அன்று எண்ணெய் வைத்து முழுகியிருந்தார். அவர் தலையிலும் அதே வாசம்தான். எதுவும் வித்தியாசமாக அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் தெரிவு. முதல் பத்தும் நடுவில் விழுந்தன. அதன்பிறகு ஓட்டைகள் இடது பக்கம் கீழே இறங்கத் தொடங்கின. அன்ரி திருகாணியை இறுக்கினார். இறுக்க இறுக்க மரம் அமுங்கியது. ஓட்டைகள் இன்னும் பரந்தன. கன்னத்தை ஒவ்வொரு முறையும் கைலேஞ்சியால் துடைத்தார். அட்டைகள் என் கைக்கு வந்தன. எண்ணி எழுதினேன். வழக்கத்தைவிட இருபத்தேழு புள்ளி குறைவு.

ரொஸ் கழற்றிப் பார்த்தார். பள்ளத்தில் எண்ணெய் தேங்கி நின்றது. முகர்ந்துவிட்டு, இதில் யார் நூடுல்ஸ் பொரித்தது என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்ரி ஒரு விரலை வைத்து எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவருக்கு ஒரு கணத்தில் விளங்கியிருக்கும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. தவறான எண்ணெயைத் தான்தான் பூசிவிட்டதாக ரொஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

ரொஸ் கோபிக்கவில்லை, விளக்கினார். சோங்குக்குப் பூசும் எண்ணெய் காய்ந்து இறுகிவிடும். இது காயாது, உள்ளேயே நின்று மரத்தை மெதுமையாக்கும். திருகாணி பிடிக்கும் இடத்தில் மரம் இளகிவிட்டது. எண்ணெயை எடுக்க ஒரு வழி உண்டு, பூனை கழிவதற்குப் போடும் மணலில் புதைத்து வைத்து அடிக்கடி மணலை மாற்றவேண்டும். அதற்கு வருடக்கணக்கு ஆகும், சரிவரும் என்றும் சொல்லமுடியாது. பேசாமல் பிளாஸ்டிக் வாங்குங்கள் என்றார்.

திரும்பி வரும்போது சோங்கு மறுபடியும் காரின் பின் இருக்கையில் கிடந்தது. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அன்ரி, "பின்னுக்குக் கிடக்கிற உரலிலை இனி இடியப்பம் புழியலாம்," என்றார். நான் சிரித்திருக்கவேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். இறங்கி, "போட்டு வாறன் அன்ரி," என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்கலாம் என்று நினைப்பேன்.

அவர் பிளாஸ்டிக் சோங்கு வாங்கினார். குளிர் காலத்தில் அது கன்னத்தில் ஐஸ் மாதிரிப் படுகிறது என்று ஒரு பழைய கம்பளிக் காலுறையை வெட்டி அதில் மாட்டினார். கழகத்தில் எல்லோரும் அந்தக் காலுறையைப் பகிடி பண்ணினார்கள். பழைய புள்ளிகள் திரும்பி வரவில்லை. தெரிவுக்கும் அவர் பிறகு பெயர் கொடுக்கவில்லை.

கோயில் திருவிழாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது, அவர் ஏன் மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினார் என்று ஒருவர் கேட்டார். அன்ரி வாய் திறக்கமுன் இன்னொருவர் பதில் சொன்னார். "மரச் சோங்காலை அடிவாங்கினவ எல்லே, அந்த மரத்தை என்னெண்டு தொடுறது?" நான் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்ரி சாம்பாரைக் கிளறியபடி, "அப்பிடியும் வைச்சுக்கொள்ளுங்கோ," என்றார். அந்தக் கதை அங்கிருந்துதான் பரவியது. செத்தவீட்டில் அன்ரியின் தம்பி ரவி அங்கிள் ஒலிவாங்கியில் அதையே சொன்னார். நிறையப் பேர் அழுதார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்து, உடுப்புகளைப் பிரித்து அடுக்க ரவி அங்கிள் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். ரைபிளைச் சட்டப்படி முன்பே ஒப்படைத்துவிட்டார். கட்டிலுக்கடியில் இருந்து ஒரு நீளமான பிளாஸ்டிக் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே நிறையப் பூனை மணல்.

"அக்கா பூனை வளர்க்கேல்லையே," என்றார். "என்ன கோதாரி இது?"

நான் கையை உள்ளே விட்டேன். மரம் தட்டுப்பட்டது. மேல் மணல் வெள்ளையாக இருந்தது, அடி மணல் மண்ணிறமாக மாறியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் திறக்காத மணல் பை ஒன்றும், அதற்குக் கீழே மடித்து அடுக்கிய வெறும் பைகளும் இருந்தன. பதினான்கு.

நல்லெண்ணெய் பூசி மரத்தைக் கெடுத்தது நான் என்று அப்போதுதான் சொன்னேன். அம்மாவும் அதை அப்போதுதான் அறிந்தார். ரவி அங்கிள் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார்.

"அப்ப நான் மைக்கிலை சொன்னது பொய்யோ?"

"அடிபட்டது பொய் இல்லை அங்கிள். மரத்துக்குப் பயந்தவ எண்டதுதான் பொய். அவ மரம்தான் வேணும் எண்டவ."

"அக்கா எனக்கு ஏன் சொல்லேல்லை?"

சொல்லியிருந்தால் என் பெயரையும் சொல்லவேண்டி வந்திருக்கும். அதை நான் அவருக்கு விளக்கவில்லை. நினைவு மலர் அச்சுக்குப் போகப்போகிறது, நீயும் ஒன்று எழுதித் தா என்றார். நான் எழுதுகிறேன், ஆனால் மலரில் வரும் உங்கள் கட்டுரையில், மரத்துக்குப் பயந்தவர் என்ற பந்தியை எடுத்துவிடவேண்டும் என்றேன். அவர் என்னையே பார்த்தார். நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "எழுதிக்கொண்டு வா, பாப்பம்," என்றார். இது அதுதான்.

சிவப்பு மெத்தை இப்போது பெட்டி கட்டும் இடத்தில் என் கதிரையில் இருக்கிறது. அடித்தது மரமில்லை, ஆள் என்று அவர் சொன்னதும் என்னிடம் இருக்கிறது. பெட்டியையும் நான் கேட்டேன். ரவி அங்கிள் தூக்கிக் காரில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, பழைய மணலைக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். மரத்தைக் காய்ந்த துணியால் துடைத்தேன். புதிய பையை வெட்டி, பாதியைப் பரப்பி, சோங்கை வைத்து, மீதியை மேலே கொட்டி மூடினேன்.